பின்சக்கரத்துக் காற்று

விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் கார் கீழே உறுமத் தொடங்கும். பிறகு சற்று நேரம் அந்த உறுமல் மட்டும். அதற்குப் பிறகு, தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கடகடப்பு. அந்தக் கடகடப்பு தொடங்கும்வரை நான் மூன்றாம் மாடி ஜன்னலோரம் பிரஷைக் கையில் பிடித்தபடி நிற்பேன். தொடங்கிய பிறகுதான் பல் தேய்ப்பேன்.

கடகடப்பது காற்றடிக்கும் இயந்திரம். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதன் ஒயர் காருக்குள் போய், சிகரெட் பற்றவைப்பதற்கென்று வைத்திருக்கும் துளையில் செருகிக்கொள்ளும். அதன் ரப்பர் குழாய் வலப்பக்கப் பின்சக்கரத்தின் வால்வைக் கவ்விக்கொள்ளும். காரின் மின்சாரத்தில்தான் அது ஓடும். இன்ஜின் ஓடாமல் தினமும் அதை ஓட்டினால் பேட்டரி உட்கார்ந்துவிடும். அதனால் சாவி வேண்டும். அதனால் தினமும் என் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும்.

குழாய் சக்கரத்தைக் கவ்வியிருக்கும்வரை வண்டி எங்கும் போகாது. அந்தச் சத்தம் நின்ற பிறகு இன்ஜின் அணையும்வரை உள்ள சிறிய இடைவெளிதான் எனக்கு நீளமானது. அணைந்ததும் வாய் கொப்பளிப்பேன்.

அவர் என் கணவர். ஊர் விட்டு ஊர் போகும் பெரிய பேருந்துகளை ஓட்டியவர். சென்ற வருடம் பணிமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு கீழே விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பேருந்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது வந்திருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இனிமே ஸ்டியரிங்கத் தொடக் கூடாது சார். பக்கத்துத் தெருவுக்கும் கூடாது" என்றார். இவர் தலையாட்டினார். திரும்பும்போது வாடகைக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து, வீடு வரும்வரை அந்த ஓட்டுநரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதிலிருந்து காரை நான்தான் ஓட்டுகிறேன். வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுவது, ஊசி போடுவது, குழாய் மாற்றுவது என் வேலை. படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று தூரத்தில்தான் இருக்கும் போலிருக்கிறது. மாலையில் வீடு திரும்பும்போது படிகளைப் பார்த்தாலே முட்டி அழும்.

பின்சக்கரம் இரவில் இறங்கத் தொடங்கியதும் அவர்தான் இந்த இயந்திரத்தை வாங்கி வந்தார். "சின்ன ஆணியா இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்றார். பஞ்சர் கடைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "அவனுங்க டயரக் குத்திக் கிழிச்சுடுவானுங்க. காலைல காத்து அடிச்சா ராத்திரி வரைக்கும் நிக்குதுல்ல?" என்பார். நிற்கத்தான் செய்தது. எனக்கும் கடையில் போய் உட்கார நேரம் இருக்கவில்லை. நேரம் இருந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

மாடியிலிருந்து பார்த்தால், இயந்திரம் ஓடும்போது அவர் சக்கரத்தின் பக்கத்தில் நிற்க மாட்டார். ஓட்டுநர் சீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் முழங்கை மட்டும் தெரியும். குளிருக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையும் அப்படித்தான். கடகடப்பு நின்றது. இன்ஜின் அணைந்தது. அவர் இறங்கிச் சக்கரத்தருகே குந்தினார். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு வாத்தியார் துண்டோடு வெளியே வந்தார்.

"என்ன சார், உங்க சேவல் இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே கூவிடுச்சு!"

"தூக்கத்தக் கெடுத்துட்டேனா சார்?"

"சேச்சே. அலாரத்த வித்துட்டேன். உங்கள நம்பித்தான் ஸ்கூலுக்குப் போறேன். ஒருநாள் கூவலைன்னா லீவு போட வேண்டியதுதான்."

இவர் சிரித்தபடியே எழுந்தார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டே வாசல் பக்கம் வந்தார்கள். பிறகு படியேறி வந்து சாவியை என்னிடம் கொடுத்தார். "அடிச்சாச்சு." தினமும் அவர் சொல்லும் முதல் சொல் அதுதான். சில நாட்களில் கடைசிச் சொல்லும் அதுவாகவே இருக்கும்.

மதியத்துக்குள் இரண்டு வீடுகளை முடித்துவிட்டு, தையல்காரம்மாவின் குதிகால் புண்ணைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பாலம் ஏறுவதற்கு முன்னால் வண்டி வலப்பக்கமாக இழுத்தது. நான் இழுக்க, அது மீண்டும் இழுத்தது. பின்னால் வந்த லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. எப்படியோ ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

டிக்கியைத் திறந்து இயந்திரத்தை எடுத்தேன். அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். செய்ததில்லை. ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுச் செருகினேன். இன்ஜினைப் போட்டேன். வால்வில் குழாயை மாட்டுவதற்குள் விரல்களில் கரி அப்பிக்கொண்டது. கடகடப்பு தொடங்கியதும் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வெயில். உள்ளே போய் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடியில் பாலம் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. எங்கேயும் போகாமல், போகப்போவது போல அங்கே உட்கார்ந்திருந்தேன்.

இயந்திரத்தின் அளவு முள் ஏறியது. குழாயைக் கழற்றினேன். கழற்றிய இடத்திலிருந்து சீறிக்கொண்டு காற்று வந்தது. எச்சிலைத் தொட்டு வைத்தேன். பொங்கிப் பொங்கி நுரைத்தது. தையல்காரம்மாவுக்கு போன் செய்து, வர நேரமாகும் என்றேன். "வாங்க நர்சம்மா, வாங்க. என் கால் எங்க ஓடிடப் போகுது" என்றாள்.

பாலத்தின் மறுபக்கம் ஒரு பஞ்சர் கடை இருந்தது. ஊர்ந்து ஊர்ந்து அங்கே போனேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மறுபடி சுற்றினார்.

"உங்க வண்டிக்குப் பஞ்சரே இல்ல சிஸ்டர்."

"தெனமும் எறங்குதே?"

"எறங்கும். ஏன் எறங்காது? வால்வு பின்ன யாரோ தளத்தி வெச்சிருக்காங்க." வால்வுக்குள் இருந்த ஊசி போன்ற துண்டைக் காட்டினார்.

"ஓடுற ஓட்டத்துல ஆடி ஆடிக் கழண்டிருக்காதா?"

"இது என்ன பல்லா சிஸ்டர், ஆடி ஆடிக் கழல?" அந்தத் துண்டைத் திருகி எடுத்து வெயிலில் பிடித்தார். "பாருங்க, தலை தேஞ்சு கெடக்கு. தெனமும் திருகின மாதிரி இருக்கு. அக்கம்பக்கத்துல யாரோடயாவது சண்டையா?"

"இல்ல."

"வீட்ல வால் பசங்க?"

"அதுவும் இல்ல."

"எனக்கு ஒண்ணுதான் புரியல. பிடிக்காதவன் தளத்துவான், சரி. தளத்தினத இறுக்கியும் இருக்காங்க. தளத்தி, இறுக்கி, தளத்தி, இறுக்கி… இப்படி ஒரு விரோதிய நான் பாத்ததே இல்ல."

புதுப் பின் ஒன்றைப் போட்டு, சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். நான் காரில் ஏறினேன். கிளப்பவில்லை. என் முன்னால் ஸ்டியரிங் சும்மா இருந்தது. பாலத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. இன்ஜின் ஓட, கதவு சாத்தியிருக்க, எங்கும் போகாமல். அவருடைய முழங்கை நினைவுக்கு வந்தது.

பிறகு கிளம்பினேன். குதிகால் காத்திருந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வீடுகள் இருந்தன. கோபப்படுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும்.

மாலையில் அவர் கதவைத் திறந்தார். என் விரல்களில் கரி இருப்பதைப் பார்த்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தட்டுகளை எடுத்து வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தோம்.

"பஞ்சர் இல்லையாம்" என்றேன்.

அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் ஊற்றினார்.

"கடைக்குப் போனியா?"

"வழியில உக்காந்துடுச்சு."

தம்ளர் மேஜைமேல் இடித்தது. "எது?"

"வேற எது? பின்சக்கரம்தான்."

"எங்க வெச்சு?"

"பாலத்துக்கு முன்னாடி. பின்னால லாரி."

"உனக்கு…"

"எனக்கு ஒண்ணும் ஆகல. முழுசாத்தான் உக்காந்திருக்கேன், பாருங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கை விரல்களைப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத ஒன்றைத் திருகினார். ஒருமுறை. இன்னொருமுறை.

"இறுக்கினேனே" என்றார்.

நான் காத்திருந்தேன். அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் கற்றுக்கொண்டது காத்திருப்பதைத்தான்.

"காலைல காத்து அடிச்சதும் இறுக்கிடுவேன். நீ திரும்பி வர வரைக்கும் பொட்டுக் காத்து எறங்காது. நீ வந்து குளிக்கப் போனதும் கீழ போய்த் தளத்துவேன். கொஞ்சூண்டு. ராத்திரியோட ராத்திரியா எறங்கற அளவுக்கு." மறுபடி விரல்களைத் திருகினார். "இன்னிக்கு வாத்தியார் வந்து சேவல், கோழின்னு பேசினார். பேசிட்டே எந்திரிச்சுட்டேன். ஆனா இறுக்கினேன்னுதான் நெனச்சேன். மேல வந்து, இறுக்கின மாதிரியே எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

அவர் முகம் கோணியது அப்போதுதான். அகப்பட்டுக்கொண்டதற்காக அல்ல. பேருந்தை எடுக்கும் முன் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்க்காமல் ஏறாத மனிதர். பயணிகள் கத்துவார்கள். கத்தட்டும் என்று தட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கை ஒரு திருகை மறந்திருக்கிறது. அதுவும் மறந்ததைச் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

"மாத்திரை அப்படித்தான் பண்ணும்" என்றேன்.

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா, மாத்திரைன்னா சொல்லிட்டிருப்பேன்?"

"சும்மா உக்காரணும்னா, கேட்டிருந்தா சாவியக் குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பியா?"

நான் தட்டைப் பார்த்தேன். கொடுத்திருக்க மாட்டேன். எதற்கு, யார் பார்த்துக்கொள்வது, டாக்டர் என்ன சொன்னார் என்று ஆரம்பித்திருப்பேன்.

"ஒரு அடிகூட நகத்தினதில்ல" என்றார்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அசதியில் வாயில் வந்துவிட்டது. "ஜன்னல்லயே நிப்பேன். மிஷின் சத்தம் கேக்கற வரைக்கும்."

"தெனமுமா?"

"தெனமும்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். தான் என்னை ஏமாற்றியதை விட, நான் அவரை நம்பாமல் நின்றதுதான் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். அல்லது இரண்டும் சரிக்குச் சரி என்று பட்டதோ என்னவோ. எழுந்து போய், தன் சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு சிறிய சாவியை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். வால்வைத் திருகுவது.

"இதையும் நீயே வெச்சுக்கோ."

சாப்பிட்ட தட்டுகளை அவரே கழுவினார். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் கீழே சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவர் வழக்கமான நேரத்துக்கே எழுந்து, கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். சக்கரம் கல் மாதிரி நின்றது. நான் ஜன்னலோரம் நிற்க வேண்டியதில்லை. இருந்தாலும் நின்றேன். பழகிப்போய்விட்டது.

வாத்தியார் படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, சேவலக் கொழம்பு வெச்சுட்டீங்களா? ரெண்டு நாளா பசங்களோட பசங்களா நானும் லேட்டு."

"டயர் சரியாயிடுச்சு சார்."

"அப்போ சார் கீழயே வரலையே? முட்டி ரொம்ப வலிக்குதோ? அந்த முட்டிதானே அவர வேலைய விட வெச்சுது."

வேலையை விட்டதற்கு அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கும் காரணம் முட்டிவலி. உண்மையில் முட்டி வலிப்பது எனக்கு. "ஆமா சார், கொஞ்சம் வலிதான்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன்.

அடுத்து நான் செய்ததை அவருக்காக யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். அன்று தையல்காரம்மாவுக்கு மறுபடி கட்டுப் போட வேண்டியிருந்தது. அவள் இருக்கும் கட்டடத்தின் வாசலில் ஆளில்லாத வண்டி நின்றால் காவலாளி விசில் ஊதியே ஊரைக் கூட்டிவிடுவார். நிறுத்துவதற்கு இடம் இரண்டு தெரு தள்ளி. அங்கிருந்து மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டும். அதை நினைத்தபோதே கால்கள் கெஞ்சின.

"என்னோட வரீங்களா?" என்றேன்.

"எங்க?"

"தையல்காரம்மா வீட்டுக்கு. வாசல்ல காலி வண்டிய விட மாட்டேங்கறார் அந்தக் காவலாளி. ஆள் உக்காந்திருந்தா விட்டுடுவார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் பார்ப்பதற்காக இல்லை. "எந்த சீட்ல?"

"டிரைவர் சீட்லதான். அது காலியா இருந்தாத்தான அவர் ஊதுவார்."

எழுந்து சட்டையை மாற்றினார். வேலைக்குப் போகிறவர் போலத் தலையை வாரிக்கொண்டார்.

வழி முழுக்க முன்னால் பார்த்துக்கொண்டே வந்தார். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் இடது கை தொடைமேல் அசைந்தது. நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன். வாசலில் நிறுத்தி இறங்கினேன். அவர் சுற்றி வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். வெயில் முன்கண்ணாடியைச் சுட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் சாவி என் கையில் இருப்பதை இருவரும் பார்த்தோம். இதை நான் யோசிக்கவில்லை. இன்ஜின் ஓடாமல் ஏசி ஓடாது. ஏசி இல்லாமல் அந்த வெயிலில் யாரும் உட்கார முடியாது.

சாவியைக் கொடுத்தேன்.

"நான் ஓட்டிட்டுப் போயிட்டா?" என்றார். கேலியா, கேள்வியா தெரியவில்லை.

"போனா நான் நடந்து வீட்டுக்கு வரணும். என் முட்டியப் பாத்து ஓட்டுங்க."

இங்கே சக்கரத்தில் குழாய் இல்லை. கடகடப்பும் இல்லை. நாலாம் மாடியில் தையல்காரம்மாவின் அறை ஜன்னல் பின்பக்கச் சுவரைப் பார்த்துத் திறந்திருந்தது. தெருவே தெரியாது.

பழைய கட்டைப் பிரித்தேன். புண் கொஞ்சம் வற்றியிருந்தது. ஓரம் சிவந்து, நடுவில் நல்ல சதை வந்திருந்தது. உப்பு நீரால் கழுவினேன். கீழே எங்கேயோ விசில் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று. பிறகு சின்னச் சின்னதாக.

"கை இங்க இருக்கு, காது எங்க இருக்கு நர்சம்மா?" என்றாள் தையல்காரம்மா.

"வீட்டுக்காரர் கீழ வண்டில இருக்கார்."

"அடேயப்பா. காவலுக்கு வீட்டுக்காரர், கட்டுப்போட நீங்க. ராணி மாதிரி கவனிக்கறீங்க என் கால."

பெரிய வண்டி ஒன்று பின்னால் வரும் சத்தம். யாரோ கத்துவது. ஹாரன். மறுபடி விசில். பிறகு ஓர் இன்ஜின் அணைந்ததா, நகர்ந்து போனதா என்று புரியாத ஒரு சத்தம். என் கையில் துணி பாதி சுற்றியிருந்தது. குதிகாலில் கட்டுப் போடும்போது அவசரப்பட்டால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் அழுத்தும். அழுத்தினால், வந்த நல்ல சதையும் போய்விடும். சுற்றியதைப் பிரித்து முதலிலிருந்து சுற்றினேன். இவர் பேருந்துச் சக்கரங்களைத் தட்டிக்கொண்டு சுற்றி வந்ததும், பயணிகள் கத்தியதும் ஏனோ நினைவுக்கு வந்தன. கடைசிப் பட்டையை ஒட்டினேன்.

"காலக் கீழ ஊனாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன்.

"நீங்க ஊனி ஓடாதீங்க" என்றாள் பின்னாலிருந்து.

வாசலுக்கு வந்தபோது எங்கள் கார் நின்ற இடத்தில் ஒரு லாரி நின்றது. யாரோ குடிவருகிறார்கள். கட்டிலும் பீரோவும் இறங்கிக்கொண்டிருந்தன. காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. இரு பக்கமும் பார்த்தேன். தெரு நீளத்துக்கும் எங்கள் கார் இல்லை.

பையைக் கீழே வைத்தேன். எனக்கு வந்தது ஒரு பெரிய அலுப்பு. இதோ, இதுவும் வந்துவிட்டது. இனி போன் செய்ய வேண்டும், யாரிடமோ விசாரிக்க வேண்டும், எங்கேயோ ஓட வேண்டும். அவர் எந்தச் சாலையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கை கால் வெட்டி இழுக்க… அதற்கு மேல் யோசிக்கவில்லை. லாரியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"இங்க ஒரு கார் நின்னுச்சே, பாத்தீங்களா?"

"அந்தத் தள்ளுவண்டியா?" என்று சிரித்தார். "அந்தப் பக்கம் திரும்பிப் போச்சு."

எனக்குப் புரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மூலை வரை போனேன்.

பக்கத்துத் தெருவில், வெயிலுக்கு நடுவில், எங்கள் கார் நத்தை போல நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் காவலாளி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். என் கணவர் வண்டிக்கு வெளியே, ஓட்டுநர் கதவை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். தோளால் கதவுச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, திறந்த ஜன்னல் வழியாக ஒரு கையை உள்ளே விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். இன்ஜின் அணைந்திருந்தது. அணைந்த வண்டியில் ஸ்டியரிங் கல்லாக இறுகும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

காவலாளி என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளுவதை நிறுத்தாமலே பேசினார். "வாங்க சிஸ்டர். லாரி வந்துடுச்சு, வண்டிய எடுங்கன்னேன். எடுக்க மாட்டேங்கறார். சாவி இருக்கு, இன்ஜின் ஓடுது, ஆளும் டிரைவர் சீட்ல ஜம்முனு உக்காந்திருக்கார். என்னடா இது, திமிரான்னு விசில ஊது ஊதுன்னு ஊதறேன். அப்புறம் எறங்கி வந்து காதுல சொல்றார். மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சிஸ்டர் ஊதப் போறேன்? எங்க மாமாவுக்கும் இருந்துச்சு."

நான் அவர் பக்கத்தில் போய் நடந்தேன். "என்ன சொன்னீங்க?"

மூச்சு வாங்கியது அவருக்கு. சாலையைப் பார்த்தபடியே, "எனக்கு வலிப்பு இருக்கு, ஓட்டக் கூடாதுன்னு" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எங்கள் படுக்கையறையில்கூடச் சொன்னதில்லை. டாக்டரிடம் 'அது' என்பார். என்னிடம் 'அன்னிக்கு வந்தது' என்பார். வெயிலில் நடுத்தெருவில் சொன்னபோது அது மற்றச் சொற்களைப் போலவே இருந்தது.

நான் பையை வண்டியின் பின்சீட்டில் போட்டுவிட்டு, காவலாளிக்குப் பக்கத்தில் போய்க் கை வைத்துத் தள்ளினேன். கார் கனமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் தள்ளியதும் காவலாளி நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"அப்போ ஏறி ஓட்டுங்களேன். எதுக்கு மூணு பேரும் தள்ளிட்டிருக்கோம்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. முன்னால் என் கணவரின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. திரும்பவில்லை.

"வேணாம்" என்றார். "அந்த மரம் வரைக்கும்தான். நான் நிறுத்திடறேன்."

காவலாளி என்னைப் பார்த்தார். நான் மறுபடி குனிந்து கை வைத்தேன். அவரும் முனகிக்கொண்டே குனிந்தார்.

மரத்தடியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. சின்னதுதான். நான் ஓட்டியிருந்தால் அங்கே நுழைத்திருக்க மாட்டேன். அவர் எட்டி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், "மெதுவா… மெதுவா… நிறுத்து" என்றார். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தார். "இப்போ முன்னால போய்ப் பின்னுக்குத் தள்ளுங்க." நானும் காவலாளியும் ஒன்றும் கேட்காமல் முன்பக்கம் போய்த் தள்ளினோம். வண்டி பின்னோக்கி வளைந்து, வால் முதலில் நுழைந்து, பிறகு தலையும் உள்ளே வந்து, ஓரக்கல்லை ஒட்டி நேராக நின்றது.

அவர் கதவைத் திறந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். காவலாளி தொப்பியால் விசிறிக்கொண்டார். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. நிழலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.